தேர்தல் காலத்தில் எச்சரிக்கைச் சேவை எப்படி? திருகோணமலையிலிருந்து ஒரு விமர்சனம்

முதலிலேயே புள்ளி போட்டுவிடுகிறேன், நீளமாக வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு போகலாம். அனர்த்தம் பற்றிக் கேட்க எடுக்கிற 117 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு, தேர்தல் காலத்தில், ஐந்தில் நான்கு நட்சத்திரம். வானொலியில் வரும் கடல் அறிவித்தலுக்கு நான்கரை. தெருவில் வரும் ஒலிபெருக்கி ஓட்டோவுக்கு இரண்டு, காரணம் கீழே இருக்கிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு உள்ளூர் அலுவலகத்தின் பேஸ்புக் பக்கத்துக்கு ஒன்று, பூச்சியம் போட வழியில்லாததால்.

சாப்பாட்டுக் கடைக்கும் போன் கவருக்கும் விமர்சனம் எழுதுகிற ஆள் இதை ஏன் எடுத்தான் என்று கேட்பீர்கள். இதுவும் நாம் காசு கொடுத்து வாங்குகிற சேவைதான், காசு வரியாகப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், அதே ஆண்டு நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல், 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல் என்று எட்டு மாதத்துக்குள் மூன்று தரம் வாக்குப் போட்டோம். அந்த மூன்று காலத்திலும் காலநிலை, அனர்த்தம், சுகாதாரம் என்று நமக்கு வரவேண்டிய செய்திகள் எப்படி வந்தன, எங்கே நின்றுபோயின என்பதைத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பேஸ்புக் பக்கத்திலிருந்தே தொடங்கலாம், கோபம் அங்கேதான் இருக்கிறது. சாதாரண நாளில் அது மோசமான பக்கம் இல்லை. கடல் கொந்தளிப்பு, இடி மின்னல், டெங்கு நுளம்பு பெருகுகிற இடங்கள், உப்புவெளிக் கரையில் எங்கே இறங்கிக் குளிக்கக்கூடாது என்பதெல்லாம் படத்தோடு போடுவார்கள், கேள்வி கேட்டால் பதிலும் போடுவார்கள். உள்ளூராட்சித் தேர்தலுக்கு வேட்புமனு எடுக்கத் தொடங்கியதும் பக்கம் படுத்துவிட்டது. கடைசிப் பதிவு ஏதோ ஒரு கூட்டத்தின் படம், வரிசையாகக் கதிரை, மேசையில் பூச்செண்டு. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மார்ச், ஏப்ரல் எங்கள் ஊரில் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும், பின்னேரம் கந்தளாய், தம்பலகாமம் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து இடிக்கும். வயலில் நிற்கிற ஆளுக்கும் படகில் நிற்கிற ஆளுக்கும் அந்த இரண்டு வரி அறிவித்தல் தேவைப்படுகிற மாதங்கள் அவைதான்.

போன் எடுத்துக் கேட்டேன். மறுபக்கம் பேசியவர் நல்ல மனிதர்.

“தம்பி, இப்ப ஒண்டும் போடேலாது. எலக்‌ஷன் முடியட்டும்.”

“அண்ணன், மின்னல் எச்சரிக்கைதானே கேக்கிறன். மின்னல் எந்தக் கட்சி?”

சிரித்துவிட்டுச் சொன்னார்: “நீங்க சொல்றது சரிதான். ஆனா போட்டா ஆராவது கேள்வி கேப்பாங்க. போடாட்டி ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.”

எந்தச் சுற்றறிக்கையில் அப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. மேலே இருந்து சொன்னதாகச் சொன்னார். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று நானும் கேட்கவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2001இல் வந்த 17ஆவது திருத்தத்தோடு அரசியலமைப்பில் சேர்ந்த 104ஆ உறுப்புரை, தேர்தல் காலத்தில் அரசுக்கும் அரச கூட்டுத்தாபனங்களுக்கும் சொந்தமான அசையும், அசையாச் சொத்துகளை ஒரு வேட்பாளரை அல்லது கட்சியை வெல்லவைக்கவோ தோற்கடிக்கவோ பயன்படுத்துவதைத் தடைசெய்யத் தேர்தல் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அலுவலக வாகனம், கமரா, ஒலிபெருக்கி எல்லாம் இதற்குள் வரும், பேஸ்புக் பக்கத்தையும் இதே கண்ணோடு பார்ப்பதுதான் நியாயம். நல்ல சட்டம், அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அரச ஜீப்பில் கட்சிக்கொடி பறந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் வந்தது என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் தடை எதற்கு என்று வாசித்துப் பாருங்கள்: ஒருவரை வெல்லவைக்க அல்லது தோற்கடிக்க. “இன்று பின்னேரம் இடி மின்னல், திறந்தவெளியில் நிற்கவேண்டாம்” என்பதால் வெல்லப்போகிற வேட்பாளர் யார்? நான் யோசித்துப் பார்த்தேன், ஒருவரும் அகப்படவில்லை.

தேர்தல் என்றால் பாதுகாப்புச் செய்தியையும் நிறுத்தவேண்டும் என்று உண்மையிலேயே ஒரு விதி இருந்திருந்தால் 2020 என்னவாகியிருக்கும் என்று பாருங்கள். அந்த ஆண்டு மார்ச் 2ஆம் திகதி பாராளுமன்றம் கலைந்தது. ஏப்ரல் 25 என்றார்கள், ஜூன் 20 என்றார்கள், கடைசியில் ஓகஸ்ட் 5ஆம் திகதிதான் வாக்கெடுப்பு நடந்தது. ஐந்து மாதம் முழுவதும் தேர்தல் காலம், முழுவதும் கொவிட் காலம். அப்போது யாரும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டுதான் திரிந்தார்கள், வாக்களிக்கப் போகும்போது முகக்கவசம் போடுங்கள், பேனையை வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள் என்பதுவரை சொன்னார்கள். ஆக முடியும். அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை?

அதிகாரிகளின் பயத்தையும் நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் திருகோணமலையில் அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. கச்சேரியை, அதாவது மாவட்டச் செயலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டத்தின் அனர்த்த வேலைகளை ஒருங்கிணைக்கிற அரசாங்க அதிபர்தான் தேர்தல் வந்ததும் அதை மாவட்டத்தில் நடத்துகிற தெரிவத்தாட்சி அலுவலர். காலையில் வெள்ளக் கூட்டம், பின்னேரம் வாக்குப் பெட்டிக் கூட்டம். கீழே வந்தால் ஜீ.எஸ். என்கிற கிராம சேவகர்: வாக்காளர் இடாப்புப் படிவத்தோடு படலையில் நிற்கிறவரும் அவர்தான், தண்ணீர் ஏறினால் இரவில் வந்து எழுப்புகிறவரும் அவர்தான். பொலிஸாரும் தேர்தல் வேலையைப் பொறுத்தவரை ஆணைக்குழுவின் பணிப்புக்குக் கீழே வந்துவிடுகிறார்கள். பாடசாலைகளோ இன்னும் மோசம், வாக்களிப்பு நிலையமும் அதே கட்டடம், இடைத்தங்கல் முகாமும் அதே கட்டடம். இதோடு திருகோணமலை, மூதூர், சேருவில என்று மூன்று தேர்தல் தொகுதி, நான்கு ஆசனம், மூன்று சமூகம். கிண்ணியாவில் மணல்மூடை அடுக்குகிற படத்தைப் போட்டால் சேருவிலவில் ஒருவர் கேட்பார், சேருவிலவில் போட்டால் சம்பூரில் ஒருவர் கேட்பார். ஒரு ஆசனம் கைமாற நாலைந்து ஆயிரம் வாக்குப் போதும் என்று எல்லோரும் கணக்குப் பார்க்கிற ஊரில் ஒரு படத்துக்குக்கூட அர்த்தம் தேடுவார்கள்.

அதனால் படத்தைப் போடாதீர்கள், ஆனால் செய்தியைப் போடுங்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததுதான் அந்தப் பக்கத்தின் கோளாறு. இதன் வேரும் தேர்தலுக்கு வெகு முன்னாலேயே இருக்கிறது. இங்கே டெங்கு ஒழிப்புப் பதாகை அடித்தாலும் மூலையில் யாராவது ஒரு பிரமுகர் சிரித்துக்கொண்டு நிற்பார். நுளம்பு சின்னதாக, அவர் பெரிதாக. தேர்தல் அறிவித்ததும் முகம் இருக்கிற பதாகை எல்லாம் இறங்கவேண்டும், இறங்குகிறது, நியாயம்தான், ஆனால் முகத்தோடு சேர்ந்து நுளம்பும் இறங்கிவிடுகிறது. ஆண்டு முழுவதும் முகமில்லாமல் அச்சடித்திருந்தால் ஒரு பதாகையையும் கழற்றத் தேவை வந்திருக்காது. நீரில் மூழ்குவது பற்றிய கரையோர அறிவித்தல் பலகைகளுக்கும் இதேதான்.

ஒலிபெருக்கி ஓட்டோவுக்கு இரண்டு நட்சத்திரம் என்றேனே. ஓட்டோவில் பிழை ஒன்றும் இல்லை, அது வருகிற நேரம்தான் பிழை. பிரசாரம் சூடுபிடித்த கிழமையில் எங்கள் ஒழுங்கையால் ஒரு நாளைக்கு எத்தனை ஓட்டோ பாட்டோடு போகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு ரிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொள்வோம். அதே கிழமையில் “தாழ்நிலப் பகுதி மக்கள் கவனத்துக்கு” என்று ஒன்று வந்தால் அதையும் இன்னொரு வேட்பாளர் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். குரலும் ஒரே குரல், அந்த நடுங்குகிற எதிரொலியும் ஒன்று, சில நேரம் ஓட்டோவே ஒன்றுதான். வாக்கெடுப்புக்கு முந்திய 48 மணித்தியால அமைதிக் காலத்தில் மட்டும்தான் தெருவில் சொல்வது காதில் விழும். இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது: பள்ளிவாசல், கோயில், தேவாலய ஒலிபெருக்கிகள். அங்கிருந்து வேளை கெட்ட வேளையில் சத்தம் வந்தால் கிண்ணியாவிலும் மூதூரிலும் ஆட்கள் வெளியே வந்து பார்ப்பார்கள். ஆனால் தேர்தல் காலத்தில் வணக்கத்தலத்தின் மைக்கைத் தொட நிர்வாகங்களும் தயங்குகின்றன. எழுத்தில் ஒரு தெளிவு கொடுத்துவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும்.

இனி நல்லதைச் சொல்கிறேன். 117, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தோடு வந்த நிறுவனம், இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்கிறது. பாராளுமன்றத் தேர்தல் கிழமையில் கடல் எப்படி என்று கேட்க எடுத்தேன், தமிழில் பேச ஆள் வந்தார், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார், வைத்தார். தேர்தல் நடக்கிறது என்ற வாசமே இல்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு நட்சத்திரம் குறைத்தது அவர்களின் பிழைக்காக இல்லை, நாம் எடுத்துக் கேட்டால்தான் இந்தச் சேவை பேசும் என்பதற்காக. ஆபத்து வருகிறது என்று தெரியாத ஆள் எதற்காக 117 அடிக்கப்போகிறார்?

வானொலி அறிவித்தலுக்கு அரை நட்சத்திரம் கூட. “காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்புகளில்” என்று தொடங்கும் அந்த வாசகம் திருக்கடலூரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் பாடம். அதில் அமைச்சர் இல்லை, பணிப்பாளர் இல்லை, “இன் பணிப்புரைக்கமைய” இல்லை. காற்று எந்தத் திசை, மணிக்கு எத்தனை கிலோமீற்றர், கடல் எப்படி, முடிந்தது. எந்தத் தேர்தல் விதியாலும் தொடமுடியாத எழுத்து அது. மற்ற அலுவலகங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை, இதைப் பார்த்து எழுதினால் போதும்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் நமக்குக் கிட்டவே ஒரு உதாரணம் இருக்கிறது. 2019இல் இந்தியாவில் மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது ஃபானி புயல் ஒடிசாவை நோக்கி வந்தது. அங்கே மாதிரி நடத்தை விதிகள் என்று ஒன்று உண்டு, நம்முடையதைவிட இறுக்கம், ஆட்சியில் இருப்பவர்களின் கையைத் தேர்தல் முடியும்வரை கட்டிவைக்கும். மாநில முதலமைச்சர் கேட்டதும் தேர்தல் ஆணையம் கரையோரத்தைச் சேர்ந்த 11 மாவட்டங்களில் அந்த விதிகளைத் தளர்த்தியது. மே 3ஆம் திகதி பூரிக்குப் பக்கத்தில் புயல் கரையேறுவதற்கு முன் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களை நகர்த்திவிட்டார்கள், தொலைபேசிச் செய்தி, சைரன், தெரு அறிவிப்பு எல்லாம் ஓடியது. எனக்குப் பிடித்த விஷயம் அவர்கள் கேட்டது, அதுவும் புயல் வருமுன் கேட்டது. எங்கள் ஊர் அலுவலகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டதாகவே தெரியவில்லை, தாங்களே ஒரு விடையை வைத்துக்கொண்டு மூடிவிட்டார்கள்.

பிரித்தானியாவில் கதை கொஞ்சம் சிக்கல். அங்கே தேர்தலுக்கு முந்திய காலத்தில் அரச ஊழியர்களும் உள்ளூராட்சி சபைகளும் பொதுவெளியில் பேசுவதைக் குறைத்துக்கொள்ளவேண்டும். 2017 மே 22ஆம் திகதி மன்செஸ்டர் மண்டபத்தில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தபோது ஜூன் 8 தேர்தலுக்கு மூன்று கிழமைகூட இல்லை. கட்சிகள் பிரசாரத்தை நிறுத்தின, பொலிஸும் அம்புலன்ஸ் சேவையும் பேசிக்கொண்டே இருந்தன. ஆனால் நாட்டின் அச்சுறுத்தல் மட்டத்தை ஆக உயர்ந்த படிக்குக் கூட்டியதைத் தொலைக்காட்சியில் வந்து அறிவித்தவர் பிரதமர் தெரேசா மே, அவரே வேட்பாளர். அந்த மட்டத்தைத் தீர்மானிப்பது ஒரு நிபுணர் குழு, அரசியல்வாதிகள் இல்லை, அப்படியிருந்தும் மக்களுக்குத் தெரிந்தது ஒரு வேட்பாளரின் முகம். செய்தி வரவேண்டும், ஆனால் யாருடைய வாயால் வரவேண்டும் என்பதில்தான் அங்கேயும் இடறுகிறது. என்னைக் கேட்டால் தேர்தல் காலத்தில் கடமையில் இருக்கிற அதிகாரி வாசிக்கட்டும், வேட்பாளராக நிற்கிற யாரும் வேண்டாம்.

நிவாரணத்தை இதோடு போட்டுக் குழப்பவேண்டாம். வேட்பாளர் ஒருவர் உலருணவுப் பொதியோடு வந்து படம் எடுத்தால் அது தேர்தல் சட்டத்தில் கையூட்டு, உபசரணை என்ற பக்கம் போகிற விஷயம், தடுக்கத்தான் வேண்டும். முகாம் எந்தப் பாடசாலையில் திறந்திருக்கிறது, எந்தப் பாதையில் தண்ணீர் பாய்கிறது என்பது வேறு விஷயம். இரண்டையும் ஒரே கையால் தடுத்தால் பாதிக்கப்படுவது தாழ்நிலத்தில் இருப்பவர்கள்தான்.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் ஒரு தரம் நாட்காட்டியைப் பார்க்கவேண்டும். எங்கள் மாரி ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை. 2024 பாராளுமன்றத் தேர்தல் நவம்பர் 14. அது முடிந்து இரண்டு கிழமைக்குள், பின்னால் ஃபெங்கல் என்று பெயர் வைக்கப்பட்ட தாழமுக்கம் எங்கள் கரையை உரசிக்கொண்டு போனது, கிழக்கு முழுவதும் வெள்ளம். அது இரண்டு கிழமை முந்தி வந்திருந்தால் அந்தப் பேஸ்புக் பக்கம் பேசியிருக்குமா? 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் கரையேறியது திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், மகாவலி பெருகி மூதூரும் வெருகலும் தண்ணீரில் கிடந்தன. நல்லவேளை அந்த நேரம் தேர்தல் இல்லை. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2012 செப்டம்பரில், 2017இல் அதன் காலம் முடிந்தது, அடுத்தது எப்போது வைத்தாலும் மாரியில் வைக்காமல் இருந்தால் புண்ணியம்.

பக்கம் பேசாமல் இருந்த நாட்களில் வெற்றிடம் அப்படியே இருக்கவில்லை. வட்ஸ்அப் குரல் பதிவுகள் வந்து நிரப்பின. யாரோ ஒருவர், மூச்சு வாங்க வாங்க, கடல் உள்வாங்குதாம், குளம் உடையப்போகுதாம். 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த ஊர், 1986இல் கந்தளாய்க் குளம் உடைத்ததைப் பார்த்த மாவட்டம், இப்படி ஒரு பதிவு வந்தால் எங்கள் அம்மா அடையாள அட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவா. பொய் என்று சொல்வதற்காவது உத்தியோகபூர்வமான ஒரு வரி வேண்டும். அந்த வரியையும் தேர்தல் என்று நிறுத்தினால் பிறகு அந்தப் பக்கம் எதற்கு?

அந்த அலுவலகம் ஒரு நட்சத்திரத்திலிருந்து மூன்றுக்கு வர அதிகம் செய்யத் தேவையில்லை. வேட்புமனு தொடங்கும் அன்றைக்கே “கூட்டம், திறப்புவிழாப் படங்கள் தேர்தல் முடியும்வரை வராது, எச்சரிக்கைகள் வழமைபோல வரும்” என்று ஒரு பதிவைப் போட்டு மேலே குத்திவைக்கட்டும். மின்னல், வெள்ளம், காற்று, டெங்கு என்று வழமையான செய்திகளைத் தமிழிலும் சிங்களத்திலும் பெயர், படம் இல்லாமல் முன்கூட்டியே எழுதி, தேர்தல் அலுவலகத்துக்கு ஒரு தரம் காட்டிவிட்டால் பிறகு இடத்தையும் நேரத்தையும் மாற்றுவதுதான் வேலை. தமிழ்ப் பதிவு அடுத்த நாள் வருகிற பழக்கத்தையும் இந்தச் சாட்டோடு விட்டுவிடலாம், வெள்ளம் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்காது.

அதுவரை, வேட்புமனு என்று காதில் விழுந்தால் உள்ளூர்ப் பக்கங்களை நம்பி இருக்காதீர்கள். 117, பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990, இந்த மூன்றையும் வீட்டில் வயதானவர்களின் போனில் போட்டுக் கொடுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் காலை வானொலியை விடவேண்டாம். மூதூர், வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் இருப்பவர்கள் மாரியில் நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடுகிற ஆற்று நீர்மட்ட அட்டவணையில் மனம்பிட்டி என்ற வரியைத் தேடிப் பாருங்கள், மகாவலி அங்கே ஏறினால் பின்னால் உங்களிடம்தான் வரும். அந்த அட்டவணையில் இலக்கங்கள் மட்டும்தான், யாருடைய படமும் கிடையாது.